வாடகைக் குரல் - 9: கெட்டுப்போன பதிவுகள்

“அதுக்கு உயிர் இருக்கு குட்டி. ஓடுது. எனக்குக் கேக்குது.”

“முதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்கப்பா.”

“எதையும் திருகலையே. கேட்டுத்தானே பாக்கறேன்.”

“அழுத்திக் கேக்கறீங்க. உள்ள தட்டு சுத்திட்டிருக்கு.”

“சுத்தற சத்தத்துக்கு நடுவுல ஒரு ‘டிக்’ வருது பாரு. எதோ உரசுது. ஒரு சொட்டு எண்ணெய் மட்டும்...”

“அப்பா.”

“சும்மா சொன்னேன். உன் முகம் எப்படிப் போகுதுன்னு பாக்க.”

அப்பா ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். தையல் மெஷின் மெக்கானிக் அவர். கம்பியின் முனையை மெஷினின் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டால் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டின் முன்னறை முழுக்க அவரிடம் அப்படி வாய் திறந்த மெஷின்கள்தான். நடு அறை மேசைமேல் கிடந்த இந்த உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை.

அதைப் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி, ஒரு கறுப்பு வயரில் கோத்து, தன் அலுவலகக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தாள் குட்டி. வீட்டில்தான் குட்டி. கட்டட வரைபடங்கள் போடும் அலுவலகத்தில் அவள் மூன்று பேரை வேலை வாங்குகிறவள்.

இந்த வீட்டை இத்தனை வாரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு லேப்டாப் யாருடையது என்று தெரியும். இன்றுதான் வருகிறவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அது அம்மாவுடையது.

பார்வையில்லாதவர்களுக்காக நடத்தப்படும் ஒலி நூலகம் ஒன்றுக்கு அம்மா கதைகள் வாசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடு அறையின் ஜன்னல்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கின் முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள். யாரோ எங்கோ எழுதி, யாரோ தமிழாக்கிய நாவல்கள். கலங்கரை விளக்கில் தனியாக இருப்பவன், தபால் வராத தீவு, பனியில் நின்றுபோன ரயில். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த அந்தப் பத்தடி அறையிலிருந்து அவள் எங்கெங்கோ போய்விட்டு, மாலையில் வெங்காயம் நறுக்கத் திரும்பி வருவாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவள் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

இப்போது போனில் தட்டுகிறாள். அவள் தட்டியதைப் போனுக்குள்ளிருக்கும் ஒரு பெண்குரல் படித்துச் சொல்கிறது. பேச்சுத் தமிழில் தட்டினால் அந்தப் பெண் திக்குகிறாள் என்று அம்மாவும் எழுத்துத் தமிழுக்கு மாறிவிட்டாள். “உணவு தயார். உடனே வரவும்.” “கொசு வலையைக் காணவில்லை.” “உங்கள் அண்ணன் ஒரு கஞ்சன்.” எல்லாமே ஒரே பணிவோடு, ஒரே ஏற்ற இறக்கத்தில்.

அப்பா அந்தக் குரலுக்கு வாடகைக்காரி என்று பேர் வைத்தார். பேர் வைத்ததோடு சரி. அவள் பேசினால் இவர் பதில் சொல்வதில்லை. எழுந்து வேறு எங்காவது போய்விடுவார். அம்மாவும் கரண்டியால் தட்டில் தட்டி அவரைக் கூப்பிடப் பழகிவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாதான் போன வாரம் அந்த ஆசையைக் கிளப்பிவிட்டார். அம்மாவின் பழைய குரல் சுத்தமாக ஒரு மணி நேரமாவது கிடைத்தால், அதை வைத்துப் போனுக்கு அவள் குரலையே செய்துவிடலாமாம். அம்மா தட்டுவாள், அம்மாவின் குரலே பேசும். அதைச் செய்கிற குழு இந்த முறைக்கான பதிவுகளை நாளை வரைதான் வாங்கும். நூலகத்திலிருப்பவை இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் சுருக்கப்பட்டவை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். அவை உதவா. முழுசானவை இந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்தன.

அதுவோ, ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகும் விழித்துக்கொள்ளாத நிலைக்கு வந்திருந்தது.

*

“முதல்ல நகல். அப்புறம்தான் வைத்தியம்” என்றது போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பேசியவன் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவன். எல்லோரும் அவனை சிஸ்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனே போனை எடுத்தால் “சிஸ்டம் பேசறேன்” என்பான்.

“வைத்தியம்னா?”

“நான் குடுத்த சாஃப்ட்வேர்ல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, நல்லா இருக்கற இடத்தையெல்லாம் வேகமா படிச்சு இன்னொரு டிஸ்க்குக்கு மாத்திடும். கெட்ட இடம் வந்தா மல்லுக்கட்டாம தாண்டிப் போயிடும். இன்னொண்ணு, அந்தக் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, படிக்க வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் படிக்கும். சில சமயம் வந்துடும். சில சமயம் டிஸ்க்கே போயிடும். அதனால அதைக் கடைசியா வெச்சுக்கணும்.”

“நான் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன்” என்றார் அப்பா.

“எதைப்பா?”

“அந்த வைத்தியத்தை. மெதுவாகுதுன்னு தெரிஞ்சதுமே மெஷின் குடுக்க வந்த ஒரு பையன்கிட்ட சொல்லி லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெச்சேன். மூணு பட்டன் இருக்கும். சோதி, சரிசெய், ஒழுங்குபடுத்து. சாப்பிட்டதும் மூணையும் வரிசையா அமுக்கிட்டு மெஷின் வேலைக்குப் போயிடுவேன். சாயங்காலம் வரைக்கும் ஓடும்.”

“எப்பலேருந்துப்பா?”

“அவ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே. தினமும்.” அவர் குரலில் பெருமை இருந்தது. “மெஷினை ஓட விடாம போட்டு வெச்சா இறுகிப் போயிடும். அவ வந்து உக்காரும்போது சுத்தமா ஓடணுமில்ல?”

போனில் சத்தமே இல்லை.

“சிஸ்டம், இருக்கீங்களா?”

“இருக்கேங்க. சார் வேலை செய்யற இடத்துல அது சரி.” கொஞ்சம் தேடித்தான் சொன்னான். “இதுல அப்படி இல்ல. நோவு வந்த டிஸ்க்கை ஓட விடவே கூடாது. அதுலயும் அந்த ஒழுங்குபடுத்து இருக்கு பாருங்க, உள்ள இருக்கற ஃபைலையெல்லாம் தூக்கித் தூக்கி வேற இடத்துல அடுக்கும். காய்ச்சல்காரனை எழுப்பி வீடு மாத்தச் சொன்ன மாதிரி.”

அப்பா சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

அப்போது அறையின் நிலைப்படியிலிருந்து தெளிவான, பணிவான குரல் ஒன்று கேட்டது.

“இவர் திருமணமானவரா?”

ஈரத் துணி நிறைந்த வாளியோடு அம்மா நின்றிருந்தாள். கட்டைவிரல் இன்னும் போனின்மேல் இருந்தது.

“அம்மா. ஸ்பீக்கர்ல இருக்கு.”

“இல்லைங்கம்மா” என்றான் சிஸ்டம். “இன்னும் ஆகலை.”

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அவள் சிரிப்பில் இப்போது மிஞ்சியிருப்பது அதுதான். கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணி மூச்சுக்கேற்ப ஒட்டி ஒட்டி விலகியது. வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நடு அறைக்குள் காலை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதலே அவள் அதற்குள் வருவதில்லை. போர்வைகள் மட்டும் இன்னும் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

*

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் பரவின. படித்து முடித்த இடம் பச்சை, தயங்கிய இடம் ஆரஞ்சு, வாய் திறக்காத இடம் சிவப்பு. முதலில் பச்சை கடகடவென்று ஓடியது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“பச்சையாத்தான் போகுது.”

“ம்.”

“ஒரு சிவப்பைக்கூடக் காணோமே.”

“கண்ணு வைக்காதீங்கப்பா.”

அவர் உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து முன்னறைக்குப் போய் ஒரு மெஷினின் பெல்ட்டைக் கழற்றினார். கழற்றியதை மாட்டாமல் திரும்பி வந்தார்.

“உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.”

முன்பெல்லாம் இந்த வீட்டில் யாரும் யாரையும் தேடிப் போய்ப் பேசியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் போட்டால் போதும். அப்பா முன்னறையிலிருந்து கத்துவார், அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள், நடுவிலிருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவர் அவளைக் கூப்பிடுவதற்கென்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. “ஏ ரேடியோ.” காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை நிற்காமல் பேசுகிறவள் என்பதால். பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட அவளை ரேடியோம்மா என்பார்கள்.

இப்போது அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. எப்படி எடுப்பது?

அப்பா இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கும் எழுந்து போகிறார். சாவி எங்கே என்று கேட்கவும், மழை வருகிறது என்று சொல்லவும், அவள் இருக்கும் இடத்துக்கே போய், முன்னால் நின்று, மெதுவாகப் பேசுகிறார். எவ்வளவு அக்கறை என்று குட்டி பல தடவை நினைத்திருக்கிறாள்.

ஜன்னல் போர்வையை ஒதுக்கிப் பார்த்தாள். பின்பக்கக் கொடியில் துணிகள். அப்பா எதையோ கைகளால் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார். அம்மா வாயில் கிளிப்பைக் கவ்வியபடி தலையாட்டினாள். அவர் திரும்பி வரும்போது அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதறிய துணியைக் கொடியில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குட்டி தானும் பின்பக்கம் போனாள்.

“உனக்கு ஆசையா இல்லையாம்மா? உன் குரல் திரும்பி வந்தா?”

அம்மா போனை எடுத்தாள். தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள். நீளமாக எதையோ தட்டிவிட்டு அதையும் அழித்தாள்.

“துணி இன்னும் காயவில்லை” என்றாள் வாடகைக்காரி.

“நான் அதைக் கேக்கலை.”

அம்மா அவள் கன்னத்தை ஈரக் கையால் தட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

*

மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுகளை எடுத்துவைக்கும் நேரத்தில் சிவப்பு வந்தது.

முதலில் ஒரு கட்டம், பிறகு நாலைந்து. அதன் பிறகு வரிசை வரிசையாக, பேனாவிலிருந்து மை கொட்டினாற்போல. டிஸ்க் ‘டிக், டிக்’ என்று முனகியது. சாஃப்ட்வேர் அந்த இடத்தைத் தாண்டி மறுபக்கம் போய், கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு வந்தது. அங்கே பச்சை. அந்தச் சிவப்புப் பட்டை மட்டும் நடுவில் அப்படியே நின்றது.

“முக்கால்வாசிக்கு மேல பச்சைதான் குட்டி.”

“எது பச்சைங்கறதுதான் பேச்சு.”

நகலைத் திறந்தாள். அம்மா தன் பதிவுகளை இரண்டு கோப்புறைகளாக வைத்திருந்தாள். ஒன்றின் பெயர் ‘முடிந்தது’. இன்னொன்றின் பெயர் ‘கெட்டது’. முதலாவதில், ஒரு பிசிறுகூட இல்லாமல் வாசித்து முடித்த அத்தியாயங்கள். இரண்டாவதில், பாதியில் நின்றவை, தும்மியவை, வெளியே லாரி போனவை. அவற்றையும் அவள் தூக்கிப் போட்டதில்லை.

‘முடிந்தது’ திறந்தது. உள்ளே பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக அமுக்கினாள். முதலாவது பேசவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் பேசவில்லை. அதற்கடுத்ததில் அம்மாவின் குரல் அரை வாக்கியம் வந்து, வழுக்கி, நின்றது. எங்கோ கீழே போன பிறகு ஓர் அத்தியாயம் முழுசாகக் கிடைத்தது. கால் மணி நேரம் இருக்கும். அவ்வளவுதான்.

‘கெட்டது’ கோப்புறையில் அமுக்கியதெல்லாம் பேசியது.

அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய கோப்பெல்லாம் ஒரே இடத்துலயா இருக்கு?”

“அப்படித்தான் தெரியுது.”

“முன்னாடியும் ஒரே இடத்துலதான் இருந்திருக்குமா? இல்ல, நான்தான் கொண்டுபோய் அங்க அடுக்கினேனா?”

குட்டி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தெரியாதுப்பா. யாருக்குமே தெரியாது.”

“சிஸ்டத்துக்குத் தெரியுமில்ல.”

“அவனுக்கும் தெரியாது.”

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் மெஷின் எண்ணெயின் கறுப்பு. அந்தக் கைகளுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. துருப்பிடித்துக் கிடந்தது எதுவும் இந்த வீட்டிலிருந்து ஓடாமல் வெளியே போனதில்லை.

முன்னறைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்ட கரண்டிச் சத்தம் மூன்று தடவை கேட்டது. நான்காவது தடவை கேட்கவில்லை.

*

சிஸ்டத்திடம் கேட்டாள் குட்டி. கெட்டது என்று ஒதுக்கியவற்றிலும் குரல் இருக்கிறதே, அது உதவாதா?

“பின்னாடி என்ன சத்தம்?”

“கேட்டுட்டுச் சொல்றேன்.”

ஒரு பதிவை அமுக்கினாள். அந்த அறையிலேயே, போர்வைகளுக்கு நடுவிலேயே, அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“ரயில் நின்றபோது பனி பெய்துகொண்டிருந்தது. அவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கினான். நடைமேடையில் யாரும்...”

டகடகடகடக என்று ஒரு தையல் மெஷின் கதைக்குள் புகுந்தது.

“ஏங்க!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தூரமாக: “என்ன ரேடியோ?”

“இங்க பனி பெய்யுது. உங்க மெஷினை நிறுத்துங்க.”

“பனிக்கும் மெஷினுக்கும் என்ன?”

“அந்த ஊர்ல தையல் மெஷின் கிடையாது.”

“அப்ப அவன் போட்டிருக்கற கோட்டை யாரு தைச்சது?”

அம்மா சிரித்தாள். தொண்டை முழுக்க, மூச்சு முட்ட, மைக் இரையும்படி. அத்தோடு பதிவு முடிந்தது.

குட்டி அடுத்ததை அமுக்கினாள். கலங்கரை விளக்கில் புயல் அடிக்கும்போது, “ரேடியோ, தேநீர் கிடைக்குமா?” இன்னொன்றில், ஒரு தாய் மகனுக்குக் கடைசிக் கடிதம் எழுதும் இடத்தில், “ரேடியோ, என் மூக்குக்கண்ணாடியைப் பாத்தியா?” “உங்க மூக்கு மேல பாருங்க.” “அட, ஆமாம்.” எத்தனையோ நாவல்கள். எல்லாவற்றின் நடுவிலும் டகடக. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தத் தூரத்துக் குரல்.

டாக்டரம்மா சுத்தமாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். இதில் ஒன்றுகூடச் சுத்தமில்லை.

பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினாள்.

அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குட்டி அவசரமாகப் பதிவை மூடப்போனாள். அம்மா வேண்டாமென்று கையசைத்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு இன்னொரு காலை. மைக் இருந்த இடத்தின் முன்னால், தன் பழைய நாற்காலியில், மடியில் கரண்டியோடு உட்கார்ந்தாள்.

முதலில் கேட்டதை மறுபடி போடச் சொன்னாள். விரலால் ரயில் ஓடுவதுபோலக் காட்டினாள்.

ரயில் நின்றது. பனி பெய்தது. மெஷின் புகுந்தது. அம்மாவின் முகத்தில் ஓர் அசைவுமில்லை. தன் குரலை யாரோ தெருவில் பேசிக்கொண்டு போவதுபோலத்தான் கேட்டாள். “ஏங்க!” என்று பதிவில் கூப்பிட்டபோது மட்டும் அவள் நிமிர்ந்தாள். ஒலியைக் கூட்டச் சொல்லிக் கையை உயர்த்தினாள். இன்னும். இன்னும்.

“என்ன ரேடியோ?”

அங்கே நிறுத்தச் சொன்னாள். அவளே கை நீட்டிக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள்.

“என்ன ரேடியோ?”

மறுபடியும்.

“என்ன ரேடியோ?”

குட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து அவளும் அப்பாவும் தேடிக்கொண்டிருந்தது ஒரு குரலை. அம்மா இத்தனை நாளாகத் தேடியது வேறொன்றை. அது எந்த டிஸ்க்கிலும் தொலைந்ததல்ல. அந்த வீட்டிலேயே, அந்தச் சுவருக்கு அப்பால், மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. அவள் முன்னால் வந்து நின்று மெதுவாகப் பேசிவிட்டுப் போனது. தூரத்திலிருந்து கூப்பிட மட்டும் பயந்தது. கூப்பிட்டால் பதில் வராதே என்று.

*

மாலை வெயில் முன்னறை மெஷின்களின் சக்கரங்களில் விழுந்தபோது சிஸ்டம் மறுபடி பேசினான்.

“ஒரே வழிதான் இருக்கு. அந்தச் சிவப்புப் பட்டையில வைத்தியத்தை ஆரம்பிக்கணும். டிஸ்க் இப்ப ஆறியிருக்கும். ஒவ்வொரு இடமா விடாம படிச்சுப் பாக்கும். கிடைச்சா நாளைக்குக் காலைல குடுத்துடலாம்.”

“கிடைக்கலைன்னா?”

“படிக்கற ஊசித்தலை, சுத்தற தட்டுல இடிச்சு நின்னுடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. விட்டு வெச்சாலும் தானா தேறாது. முடிவு நீங்க எடுக்கணும்.” பிறகு தயங்கி, “நான் வேணா வரட்டுமா?” என்றான்.

“வேணாம். அமுக்கறதுக்கு எதுக்கு ரெண்டு பேர்?”

சொன்ன பிறகுதான், வரச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அப்பா நடு அறைக்கு வந்தார். மதியத்திலிருந்து ஒரு மெஷினைக்கூட அவர் தொடவில்லை என்பது கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, சிவக்கச் சிவக்கக் கழுவியிருந்தார். அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீ இங்கயா இருக்க?” என்றார் மெதுவாக. அவளருகே போய், குனிந்து, “அந்தக் கால் மணி நேரத்தை வெச்சு ஏதாவது பண்ண முடியுமான்னு டாக்டரம்மாவைக் கேட்டுப் பாக்கலாம். இல்லைன்னா இதை அமுக்கிப் பாக்கணும். என்ன சொல்ற?”

அம்மா குட்டியைப் பார்த்தாள்.

“நீங்க அமுக்குங்கப்பா” என்றாள் குட்டி.

“நான் மாட்டேன்.”

“நீங்கதான் தினமும் அமுக்கினீங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. “அதனாலதான்” என்று மட்டும் சொன்னார்.

திரையின் ஓரத்தில் ‘சரிசெய்’ என்ற பட்டன் ஒளிர்ந்தது. குட்டி அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள். ஒரு பக்கம், அம்மா தன் குரலில் பேசப்போகும் அத்தனை வருடங்கள். “வெங்காயம் வாங்கிட்டு வாங்க” என்று. “குட்டி, குடை எடுத்துட்டுப் போ” என்று. இன்னொரு பக்கம், ஒரே ஒரு ‘டிக்’. அதற்குப் பிறகு வாடகைக்காரி என்றைக்கும் வீட்டைக் காலி செய்யமாட்டாள்.

விரலை மடக்கினாள். அழுத்துவதற்குள் அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அம்மா போனை எடுத்தாள். இந்த முறை அழிக்கவில்லை. தட்டிக்கொண்டே போனாள். அப்பா அந்தப் போனைப் பார்த்தார். வாடகைக்காரி பேசப்போகிறாள் என்று தெரிந்ததும், வழக்கம்போல, வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அம்மா மடியிலிருந்த கரண்டியால் மேசையில் ஓங்கித் தட்டினாள்.

அவர் நின்றார். முதுகைக் காட்டியபடியே நின்றார்.

போன் பேசியது. அதே பணிவு, அதே ஏற்ற இறக்கம். ஒரு ரயில் நிலையத்தில் அடுத்த வண்டி எப்போது என்று யாரோ அறிவிப்பதுபோல.

“குரல் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. குட்டி அதை அழுத்தட்டும். அதற்கு முன் எனக்கு ஒன்று வேண்டும். நீங்கள் முன்னறைக்குப் போங்கள். மெஷினை ஓட்டுங்கள். என் அருகில் வராமல், அங்கிருந்தே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னை ஒரே ஒரு முறை ரேடியோ என்று கூப்பிடுங்கள்.”